கரையில் ஒரு நம்பர்

குமாரபாளையம்

சாமி,

இந்தக் கடிதத்தைக் கிழிப்பதற்கு முன் ஒருமுறை படித்துவிடு. வரும் வியாழக்கிழமை நானும் உன் அம்மாவும் சென்னையில் கப்பல் ஏறுகிறோம். ஐந்து நாள் சுற்றுலா. அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. டாக்டர் போகலாம் என்றுவிட்டார், எனக்குத்தான் பயம். மாத்திரைகளை இரண்டு பையில் பிரித்து வைத்திருக்கிறேன், ஒன்று தொலைந்தாலும் ஒன்று இருக்கட்டும் என்று.

பெட்டிகளை, நாம் விற்கும் துண்டுகளைப் பேல் கட்டி அனுப்புகிற மாதிரி, சாக்குக்குள் போட்டுத் தைத்துவிட்டேன். படிவம் நிரப்ப வீட்டுக்கு வந்த டிராவல்ஸ் பெண், "ஏனுங்க, துறைமுகத்துல தொறந்து பாப்பாங்களே!" என்று சிரித்தாள். தையல் எல்லாவற்றையும் பிரித்தாயிற்று.

பிறகு, அவசரமென்றால் கூப்பிட, கரையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவரின் நம்பர் கேட்டாள். நான் யோசிப்பதற்குள் உன் அம்மா உன் நம்பரைச் சொன்னாள். பத்து எண்ணும், எதையும் பார்க்காமல்.

"அதெப்படி மனப்பாடமாச்சு?" என்றேன்.

"பேசக்கூடாதுன்னுதானுங்க சொன்னீங்க? நம்பர மறக்கச் சொல்லலையே!"

நீ உன் விருப்பப்படி கல்யாணம் செய்துகொண்ட அன்று நான் சொன்னது அது. நான்கு வருடமாகிறது. படிவத்தில் உறவு என்ற இடத்தில் 'மகள்' என்று நானே எழுதினேன்.

அந்த ஐந்து நாளும் தெரியாத நம்பர் வந்தால் வைத்துவிடாதே.

சரக்கு அனுப்புமுன் விலாசத்தைச் சரிபார்க்காமல் விடமாட்டேன், உனக்குத் தெரியும். புதன்கிழமை காலை பத்து மணிக்கு உன்னைக் கூப்பிடுவேன். என்னோடு பேச வேண்டியதில்லை. நீ எடுத்ததும் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் அப்பன்