கிழக்கே திரும்பிய வீடு

அடுப்பைச் சுற்றிப் பால் தீய்ந்த வாசனை இன்னும் போகவில்லை. துடைத்தால் போய்விடும்தான்; எனக்குத்தான் மனம் வரவில்லை. பாலைப் பொங்கவிட்டு, அடுப்பை நாசமாக்கிவிட்டு, பெரிய சாதனை செய்தவள் போல இடுப்பில் கை வைத்து நிற்பது உன் வழக்கம். இன்று நான் அப்படி நிற்கிறேன். கையை நீட்டினால் படுக்கை, நாலு எட்டு வைத்தால் ஸ்டியரிங். ஆமாம், வாங்கிவிட்டேன். இந்த வயதில், என் பெயரில், முதல் வீடு. சக்கரம் வைத்த வீடு.

நான் குடியிருந்த பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸை இடிக்கப் போகிறார்கள் என்று கிளம்பி, கிள்ளானில் நான் வாடகைக்குப் போன வீடு உனக்கு மறந்திருக்காது. உன் ஸ்கூல் வேனில்தான் சாமான்களை ஏற்றி வந்தாய். பிள்ளைகள் உட்காரும் சீட்டில் என் மிக்ஸியும் சாமி படங்களும் சமர்த்தாக உட்கார்ந்து வந்தன. உன் சில்வர் சட்டியில் பால் காய்ச்சினோம். அது நேராக மேற்கே வழிந்தது. கிழக்கே பொங்கினால்தானே விருத்தி என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"அட, விடு லா. அடுத்த தடவ சக்கரம் வெச்ச வீடா பாத்து வாங்கு. பால் எந்தப் பக்கம் பொங்குனாலும் வீட்டைத் திருப்பிக்கலாம்" என்றாய்.

அதற்குப் பிறகும் எத்தனை வீடு மாறினேன்! ஒரு வீட்டுக்காரர் வீட்டை விற்றார், இன்னொருவர் மகனுக்குக் கல்யாணம் என்றார். ஒவ்வொரு தடவையும் உன் வேன், உன் சட்டி, அதே கேலி. என்னையும் வேன் ஓட்ட இழுத்துவிட்டவள் நீதான். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நீ போடும் சத்தம் பின்னால் நிற்கும் என் வேன் வரை கேட்கும்: "ஏறியாச்சா? உக்காந்தாச்சா? போலாமா?" பள்ளி விடுமுறையில் உன் வேன் சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாய் விரித்துக்கொண்டு போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் போவோம். அங்கே உட்கார்ந்து சூரியன் கடலில் இறங்குவதைப் பார்த்து நீ அலுத்துக்கொள்வாய். "நம்ம பக்கம் விழுறத மட்டும்தான் பாக்குறோம். கடல்ல இருந்து எழும்புறத பாக்கணும்னா கிழக்குக் கரைக்கு, குவாந்தான் போகணும்." அடுத்த விடுமுறை, அடுத்த விடுமுறை என்றே தள்ளிப்போட்டோம். பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது.

என் மகனை உனக்குத் தெரியும். தங்கமான பிள்ளை. தங்கமான பிள்ளைகள் அம்மாவைப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்கத்தான் பார்ப்பார்கள். மோட்டார்ஹோம் வாங்கப் போகிறேன் என்றதும் முதலில் தலையில் கை வைத்தான். அப்புறம் சுபாங் ஜெயாவில் ஒன்றை அவனே தேடிப் பிடித்தான். பெரிய வண்டி. உள்ளே குளியலறை, ஏர்கோன், பளபளவென்று மேசை. நான் அதிலேயே பாதி விழுந்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

"நம்ம வீட்டு ஓரமா நிறுத்திடலாம்மா. லைட், தண்ணி எல்லாம் இழுத்துக் கொடுத்துடுறேன். நீங்க எங்கயும் அலைய வேண்டாம்" என்றான்.

எங்கயும் அலைய வேண்டாம்! நிறுத்தப் போவது வண்டியை மட்டுமல்ல என்று புரிந்தது. பையிலிருந்து உன் சட்டியை எடுத்தேன். நீ போன பிறகு உன் வீட்டில் எனக்கென்று எடுத்து வைத்துக் கொடுத்த சட்டி. கடையில் வாங்கிய பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தேன். விற்க வந்த தம்பி, "ஆன்டி, என்ன செய்றீங்க?" என்று பதறினான். பால் பொங்கி மேற்கே வழிந்தது.

"வண்டியைத் திருப்புங்க தம்பி" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாவியைத் திருகினான். வண்டி இருமியது. மறுபடி திருகினான், மறுபடி இருமியது. "பேட்டரி வீக் ஆன்டி. இன்ஜினும் கொஞ்சம் பாக்கணும், ரிப்பேர் பாக்குற ஃபோர்மனைக் கூப்பிட்டா... ஆனா நீங்கதான் ஓட்டப் போறதில்லையே?"

"யார் சொன்னது?" என்று கேட்டேன். மகன் தரையைப் பார்த்தான்.

அடுத்த வண்டி செலாயாங்கில். காய்கறி மொத்த வியாபாரம் நடக்கும் பாசாருக்குப் பின்னால் ஒரு சந்தில் நின்றது. சின்ன வண்டி, பெயிண்ட் வெளுத்திருந்தது, குளியலறை கிடையாது, மெத்தை கல்லு. மகன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "வேணாம்மா" என்றான். வண்டிக்காரர் முட்டி போன மனிதர். "ஓடுற வண்டி அக்கா. எனக்குத்தான் கிளச் மிதிக்க முடியல" என்றார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். இங்கும் மேற்கேதான் வழிந்தது. எனக்கும் மேற்குக்கும் அப்படி ஒரு பொருத்தம்.

ஆனால் இந்தத் தடவை ஓட்டுநர் சீட்டில் நானே ஏறினேன். அடுப்பை அணைத்துவிட்டு மகனைச் சட்டியைப் பிடிக்கச் சொன்னேன். சாவியைத் தொட்டதுதான் தாமதம், இன்ஜின் கணீரென்று பிடித்துக்கொண்டது. சந்தில் ஒரு பக்கம் காய்கறி லோரி, மறுபக்கம் கால்வாய். "அம்மா, இடமில்ல, மெதுவா, அம்மா!" என்று பின்னால் அவன் கத்துகிறான். ஸ்கூல் வாசலில், இரண்டு பக்கமும் கார் நிற்க, நாற்பது தாய்மார்கள் ஹாரன் அடிக்க வேன் திருப்பியவள் நான். முன்னே, பின்னே, முன்னே, பின்னே. முழுசாகத் திருப்பினேன். லோரிக்காரர் இறங்கி வந்து, "அக்கா, பவர் லா!" என்று கட்டைவிரலைக் காட்டினார்.

மீதிப் பாலை ஊற்றிக் காய்ச்சினோம். கிழக்கே பொங்கியது.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். சட்டை முழுக்கப் பாலோடு நின்ற மகன் அடுப்பை அணைத்தான். பிறகு, "சரிம்மா. மொதல்ல எங்க போறீங்க?" என்று கேட்டான். அவன் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது.

சக்கரம் வைத்த வீடு என்றால் அது வீடா, வண்டியா என்று அப்போதெல்லாம் நீயும் நானும் போட்ட சண்டை தீரவே இல்லையே. இன்று காலை கிள்ளான் கோயில் வாசலில் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். உள்ளே வந்து பாலும் காய்ச்சினேன். நீ ஜெயித்தாய், நானும் ஜெயித்தேன்.

உன் சட்டியைக் கழுவிவிட்டேன். பக்கத்து சீட்டில் வைத்து பெல்ட் போட்டிருக்கிறேன். வண்டி கிழக்கே பார்த்து நிற்கிறது. காராக் மலைப் பாதை ஏறி இறங்கினால் சாயங்காலம் குவாந்தான். நாளை விடியும்போது கடற்கரையில் இருப்போம்.

ஏறியாச்சா? உக்காந்தாச்சா?

போலாம்.