அவரை இலையில் படிந்த வெள்ளை

தை 9, வியாழன்.

அவரை இலையெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது. என் வீட்டுக்காரர் பீங்கான் பட்டறையிலிருந்து வந்து பந்தலடியில் சட்டையை உதறுவதால் வந்த மண்தூசி என்று பத்து நாளாகச் சண்டை போட்டேன். தினமும் ஈரத்துணியால் துடைத்தேன். அவரும் தெருவிலேயே உதறிவிட்டு வர ஆரம்பித்தார். வெள்ளை மட்டும் குறையவில்லை.

இன்று உரக்கடையில் இலையைக் காட்டினேன்.

"தூசி இல்லீங்க, சாம்பல் நோய். துடைச்சா நல்ல எலைக்கும் பரவும். கிள்ளி எரிச்சிட்டு, புளிச்ச மோர்ல தண்ணி கலந்து அடிங்க" என்றார் கடைக்காரர்.

கிள்ளியதில் பாதிக் கொடி மொட்டையாகிவிட்டது. சாயங்காலம் மோர் அடித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்தார். தெருவிலேயே நின்று சட்டையைக் கழற்றினார்.

"பரவால்ல, இங்கயே வந்து உதறுங்க" என்றேன்.

கொடியைப் பார்த்தார். "ஏன், செடி செத்துப்போச்சா?" என்றார்.