கரை வரிசையில் போட்ட எண்கள்

உன் மகள் இன்று என் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். முதலாண்டு மாணவர்கள் எல்லோருக்கும் கொடுத்த பயிற்சிதான். உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குப் போங்கள், திருவிழாவில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள், பெயரை எழுதாமல் எண் மட்டும் போடுங்கள் என்று சொல்லியிருந்தேன். அப்படியே எழுதியிருந்தாள். வீடு ஒன்று, வீடு இரண்டு, வீடு மூன்று. உன்னுடையதைப் போலவே இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்து. ஏழு வரைக்கும் படித்துவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

எந்த வரிசையில் எண் போட்டாய் என்று கேட்டேன். பஸ் ஸ்டாப்பிலிருந்து வரிசையாகப் போட்டதாகச் சொன்னாள். சீட்டுக் குலுக்கிப் போட்டு எண்களை மாற்றிக்கொண்டு வரச் சொன்னேன். தலையாட்டினாள், ஆனால் போகவில்லை. வகுப்பு காலியாகும்வரை நின்றிருந்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா எம்.ஏ.ல இல்லாததப் பொய்யா எழுதி மாட்டிக்கிட்டுத்தான் படிப்ப விட்டாங்கன்னு பெரியப்பா சொல்றாரு. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான படிச்சீங்க. நெசமா மேம்?"

திங்கட்கிழமை வா, சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இன்று வெள்ளி. நீ போய் எட்டு மாதமாகிறது. அவளிடம் என்ன சொல்வதென்று கேட்க எனக்கு உன்னைவிட்டால் ஆளில்லை. அதனால் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

'சமூகவியல் ஓர் அறிமுகம்' என்ற தாளை நமக்கு நடத்திய முதல் வாரத்திலேயே நாம் இருவரும் கட்சி பிரிந்துவிட்டோம். சமூகம் ஓர் உடம்பு, அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை உண்டு, சடங்கும் நம்பிக்கையும்கூட அந்த உடம்பைச் சேர்த்துப் பிடித்து வைக்கத்தான் என்று சொன்ன செயல்பாட்டுக் கோட்பாடு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது என்பதில் ஒரு நிம்மதி. நீ அடுத்த பாடத்துக்காரி. இருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் நடக்கும் இழுபறிதான் சமூகம், அமைதியாகத் தெரிகிற இடத்தில் யாரோ வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற முரண்பாட்டுக் கோட்பாட்டை நீ விட்டுக்கொடுக்கவே மாட்டாய். ஆவூரிலிருந்து வரும் பஸ்ஸில் யார் எழுந்து யாருக்கு இடம் விட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வகுப்புக்குள் நுழைவாய். "இதுல யாருக்கு ஆதாயம்னு பாருடி" என்பாய். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிற பேச்சிலும் காட்டுகிற சைகையிலும்தான் சமூகம் அன்றாடம் உண்டாகிறது என்ற குறியீட்டு இடைவினைக் கோட்பாடு. பரீட்சைக்கு வரும் என்று இருவரும் அதை மனப்பாடம் செய்ததோடு சரி.

கடைசி செமஸ்டருக்குக் கூட்டாக ஓர் ஆய்வு செய்யலாம் என்றபோது, என் அத்தையைக் கட்டிக்கொடுத்த ஊரைச் சொன்னது நான்தான். இலுப்பூருக்கு அந்தப் பக்கம். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இனி ஏழாம் எண் வீடு என்று எழுதப்போவதும் உண்மையான எண் அல்ல. இப்போதாவது புத்தி வந்ததே என்று நீ சிரிப்பாய்.

அந்த ஊரில் அய்யனாருக்குப் புரவி எடுப்பு நின்றுபோய் வருடங்களாகியிருந்தது. வேளார் வீட்டில் மண்குதிரைகள் செய்து, ஊரே தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் திருவிழா. கடைசியாக எடுக்க இருந்த வருஷம், சுட்டு வைத்திருந்த முதல் புரவி ஒரு மத்தியானத்தில் கழுத்து முறிந்து கிடந்தது. சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. வேளாரைக்கூட யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பழியைச் சாமிமேல் போட்டதால் ஊருக்குள் சண்டை வராமல் போயிற்று, நம்பிக்கை செய்கிற வேலையைப் பார் என்று நான் குதித்தேன். முதல் புரவியைத் தூக்கும் மரியாதை எந்த வீட்டுக்குப் போனது, எந்த வீட்டுக்குப் போகவில்லை என்று கேட்காமல் எழுதாதே என்றாய் நீ.

ஏழாம் எண் வீட்டுப் பெண் நமக்குப் பதில் சொன்ன நாள் உனக்கு நினைவிருக்கும். வினாப்பட்டியலில் இருந்த கேள்விகளுக்கெல்லாம் ஆமாம், இல்லை என்று முடித்துவிட்டாள். நாம் எழுந்த பிறகு, நெல் புடைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி, பேரு எழுத மாட்டீகதானே என்று மறுபடி கேட்டாள். மாட்டோம் என்று இருவரும் சொன்னோம். அப்புறம்தான் சொன்னாள், சாமி உடைக்கவில்லை என்று. முதல் புரவி தங்களுக்கு இல்லையென்று ஆன கோபத்தில் அவள் வீட்டுக்காரர்தான் தள்ளிவிட்டிருக்கிறார். சாப்பாட்டுத் தூக்கோடு அந்த வழியாகப் போன அவள் அதைப் பார்த்திருக்கிறாள். "அவுகளுக்கு நான் பாத்ததே தெரியாது. இத்தன வருசமா சோறு போடுறேன், ஒரு வார்த்த கேட்டதில்ல" என்றாள். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள். நாம் போய்விட வேண்டும் என்று அதற்கு அர்த்தம்.

இதை எழுத வேண்டுமா என்று திரும்பி வரும் வழியில் நீ கேட்டாய். ஆய்வின் உயிரே இதுதான், பெயர்தான் இல்லையே என்று நான் அடித்துப் பேசினேன். நான்காவது அத்தியாயத்தை எழுதியது நான். வீடுகளுக்கு எண் போட்டதும் நான். டைப் செய்து பைண்ட் பண்ணி வந்ததும் ஒரு பிரதியை அத்தை வீட்டு மாமாவின் கையில் பெருமையாகக் கொடுத்ததும் நானேதான். புரவி எடுப்பை மறுபடி தொடங்கலாமா என்று அன்று நாலு மணிக்கு ஊர்க் கூட்டம் இருந்தது. நம் பிள்ளைகள் எழுதியது, கூட்டத்திலேயே வாசித்துக் காட்டுகிறேன் என்றார் மாமா. அவரிடம் மறுக்க எனக்கு மனம் வரவில்லை. நாம் மத்தியான பஸ் ஏறிவிட்டோம்.

பஸ்ஸில் நீ நம் பிரதியைப் புரட்டிக்கொண்டு வந்தாய். திடீரென்று கேட்டாய்: "இந்த நம்பர எந்த வரிசையில போட்ட?"

வீடுகளின் பட்டியலை மாமா சொன்ன வரிசையில் என்றேன்.

"மாமா எந்த வரிசையில சொன்னாக?"

கரை வரிசை. அந்த ஊரில் கோயிலில் திருநீறு கொடுப்பதானாலும், கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுவதானாலும், பொங்கலுக்குப் பானை வைப்பதானாலும் ஒரே வரிசைதான். கோயிலில் பங்குள்ள வகையறாக்களைக் கரை என்பார்கள்; கரை கரையாக, வீடு வீடாக. பால்குடி மறந்த பிள்ளைகூட அதை ஒப்பிக்கும். மாமா வேறு எந்த வரிசையில் சொல்லியிருப்பார்? நான் பெயரை மறைத்ததாக நினைத்துக்கொண்டு, ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விலாசத்தைத் தெளிவாக எழுதி வைத்திருந்தேன். வெளியூர்க்காரி யாராவது எண் போட்டிருந்தால் தெருவோடு போயிருப்பாள், தப்பித்திருப்போம்.

நீ என்னைத் திட்டவில்லை. கண்டக்டரிடம் சொல்லி வழியிலேயே இறங்கினாய். எதிர்ப் பக்கம் பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அந்த முக்கால் மணி நேரமும் நீ ரோட்டையே பார்த்தபடி நின்றாய், நான் அழுதுகொண்டு நின்றேன். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம்.

வராந்தாவில் மாமா நின்று வாசித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் குழாயடிப் பக்கமாக நின்றார்கள். ஏழாம் எண் வீட்டுப் பெண்ணும் நின்றாள். அவள் வீட்டுக்காரர் முன்வரிசையில் இருந்தார். மாமா நான்காவது அத்தியாயத்துக்கு வந்துவிட்டிருந்தார். நான் படியருகிலேயே நின்றுவிட்டேன். அவர் நிறுத்தி நிதானமாக வாசித்தார்: "புரவி தானாக உடையவில்லை, அது உடைக்கப்பட்டது என்று ஏழாம் எண் வீட்டைச் சேர்ந்த பெண் ஒருவர் கூறினார்."

தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் வலது கையைத் தூக்கி, கட்டை விரலால் சுண்டு விரலின் முதல் கணுவைத் தொட்டார். பிறகு இரண்டாவது கணு. உதடு வீட்டுப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனது. பக்கத்திலிருந்தவரும் விரலை எடுத்தார். சமூகம் சைகையில் உண்டாகிறது என்று மனப்பாடம் செய்திருந்தோமே, அது கண்முன் நடந்தது. இன்னும் நாலு கணு தாண்டினால் அவள் வீடு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நம்மைப் பார்க்கவில்லை, தன் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ செருப்போடு வராந்தாவில் ஏறினாய். "அத யாரும் சொல்லலைங்க. நானா எழுதுனது. பக்கம் பத்தலைன்னு இல்லாத ஒண்ணச் சேத்துட்டேன். இவளுக்குக்கூடத் தெரியாது" என்றாய்.

கணுக்களை எண்ணிக்கொண்டிருந்த கைகள் நின்றன.

அதற்குப் பிறகு அங்கே நடந்த பேச்சை நான் எழுத விரும்பவில்லை. சர்ச்சுக்குப் போகிறவளுக்கு எங்கள் அய்யனாரைப் பற்றி எழுத என்ன உரிமை என்று தொடங்கி, எங்கெங்கோ போனது. நீ தலை குனியாமல் கேட்டுக்கொண்டு நின்றாய். மாமா அந்தப் பிரதியை உன் காலடியில் போட்டார். அத்தனை பேர் நடுவே நான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மாமாவுக்குப் பயம், டிகிரி போய்விடுமோ என்ற பயம், உன் பக்கத்தில் நின்றால் என்மேலும் விழுமோ என்ற பயம்.

ஊரிலிருந்து கல்லூரிக்குப் புகார் வந்தது. துறையிலும் நீ அதையேதான் சொன்னாய், எழுதியும் கொடுத்தாய். உண்மையைச் சொன்னால் ஒரே வாரத்தில் அந்த ஊருக்குப் போய்விடும் என்று உனக்குத் தெரியும். தரவைப் பொய்யாக உண்டாக்குவதைவிடப் பெரிய குற்றம் நம் படிப்பில் கிடையாது. உன்னை வெளியே அனுப்பினார்கள். எனக்கு வேறு தலைப்பு கொடுத்தார்கள், முதல் வகுப்பில் தேறினேன்.

அந்த வருஷமே அந்த ஊர் புரவி எடுத்தது. வருடக் கணக்கில் ஒரு முடிவுக்கும் வராத கரைகள், உன்னை ஏசுவதில் ஒன்றாகிவிட்டன. இதை உன் வீட்டுக்கு வந்து சொன்னபோது நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். "ஒன் தியரி ஜெயிச்சிருச்சு போ" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து, "என் தியரியுந்தான்" என்றாய். அதற்கு மேல் அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உனக்குக் கல்யாணமாயிற்று, நர்சரி பள்ளியில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாய். நான் கல்லூரி வேலைக்கு வந்து உன் பாடத்தையும் என் பாடத்தையும் சேர்த்து நடத்துகிறேன்.

உன் அடக்கத்துக்கு ஏழாம் எண் வீட்டுப் பெண் வந்திருந்தாள். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மகன்கள்தான் இப்போது முன்னால் நின்று புரவி தூக்குகிறார்கள்; உண்மை தெரிந்தால் அந்த மரியாதை போய்விடும். கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள கடைசி வரைக்கும் யாருகிட்டயும் சொல்லலைல்ல?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீயும் சொல்லிறாதத்தா" என்றாள். உனக்காக அழுதுகொண்டேதான் கேட்டாள், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது.

இதுவரை எழுதி மூடி வைத்துவிட்டேன். இன்று திங்கள். உன் மகள் வந்து போய்விட்டாள்.

உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே இருந்தாள். அவள் அம்மாவும் நானும் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை என்றேன். தப்பு ஒன்று நடந்தது, அதைச் செய்தவள் நான், உன் அம்மா அல்ல என்றேன். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடமும் ஒரு வெள்ளிக்கிழமையும் தேவைப்பட்டிருக்கிறது.

"அப்ப ஏன் அம்மா ஒத்துக்கிட்டாங்க?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா. சொன்னா ஒங்கம்மா செஞ்சது வீணாப் போயிரும்."

யாரையாவது காப்பாற்றவா என்று கேட்பாள் என்று பயந்தேன், கேட்கவில்லை. கேட்டது வேறு. பெரியப்பாவிடம் இதைச் சொல்லலாமா என்றாள். கூடாது என்றேன். பெரியப்பா சொல்வார், அந்த ஊருக்கும் போகும், மறுபடி யாராவது விரல் விட்டு எண்ணுவார்கள். அதை அவளிடம் விளக்க முடியாது. தன் அம்மாவைப் பொய்க்காரி என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டு சாப்பாட்டில் உட்கார் என்று உன் பிள்ளையிடம் நான் சொல்லியிருக்கிறேன். "சரிங்க மேம்" என்றாள். அப்போது அவள் கண்ணைத் துடைத்த விதம் அப்படியே நீ.

எனக்கு நேரமாகிறது என்ற பயம் வந்துவிட்டது. உன் வயதுதான் எனக்கும். நாம் வாக்குக் கொடுத்தது அந்த ஏழாம் எண் வீட்டுக்காரிக்கு. அவள் இருக்கும்வரை உன் மகளிடம்கூட முழுதாகச் சொல்ல முடியாது. அவளுக்கு முன்னால் நான் போய்விட்டால், நீ பொய் எழுதியவளாகவே இருந்துவிடுவாய். அத்தை போன் செய்யும்போதெல்லாம் ஊரில் எல்லோரும் சுகமா என்று கேட்கிறேன். நல்லா இருக்காக என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். எனக்கு எந்தக் கெடுதலும் செய்யாத ஒரு மனுஷியின் பெயர் வரும் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அவளும் நன்றாக இருப்பதாகக் கேட்டதும் ஏமாற்றமாக இருக்கிறது.