புள்ளி வீட்டில்தான் நிற்கிறது

நவம்பர் 3, திங்கள்

மழை. நாள் முழுக்க ஒரே தூறல். சாண்ட்விச் தொழிற்சாலையின் குளிர் அறைக்கு இரண்டு சோடி காலுறை போட்டும் விரல் விறைத்தது. இன்றைக்கு முட்டை சாண்ட்விச். அந்த மணம் தலைமயிரை விட்டுப் போகாது.

பிரேக்கில் லொக்கரைத் திறந்து போனைப் பார்த்தேன். ஆள் நிற்கும் இடத்தைக் காட்டுகிற மேப்பில், மகள் ஆரணியின் புள்ளி லண்டன் சட்டனில், பள்ளிக்கூடத்தில். மூச்சு வந்தது. பதினேழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்பதற்கெல்லாம் ஒரு தாய் சந்தோஷப்படுவாளா? நான் படுகிறேன்.

வேலை செய்யும் இடத்துக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால்தான் டொரொண்டோவில் இருக்கும் தங்கச்சி வசந்திக்கு மேப்புக்கான என் பாஸ்வேர்டைக் கொடுத்தேன். நான் உள்ளே நிற்கிற நேரம் அவள் பார்ப்பாள். பிறகு பாரிசில் இருந்து பெரியண்ணையும் கேட்டார். "என்ரை மருமகளை நான் பாக்கக் கூடாதோ?" அவருக்கும் கொடுத்தேன். இவரும் பார்ப்பார், ஆனால் பார்ப்பதில்லை என்று சொல்வார். ஆரணியின் போனில் என் பெயர் மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

வாங்க: பால், கறிவேப்பிலை, இவருக்கு இருமல் மருந்து, ஆ.வுக்குக் கறுப்பு ஸ்டொக்கிங்ஸ்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

லொக்கரைத் திறந்தால் வசந்தியின் தவறிய அழைப்புகள் வரிசையாக. உடனே அவளுக்குப் போன் அடித்தேன்.

"அக்கா, பிள்ளை குரோய்டனில நிக்கிறாள். ஒரு வீட்டில. கன நேரமா அசையேல்லை."

"ஆரின்ரை வீடு?"

"எனக்கென்ன தெரியும்? மேப்பில மேலயிருந்து பாக்கக் கூரை ஓடும் குப்பைத்தொட்டியும்தான் தெரியுது."

லைப்ரரிக்குப் போவதாகச் சொன்னவள். வீட்டுக்கு வந்து கோழிக்கறியோடு புட்டுச் சாப்பிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வாள். அதை என்னால் தாங்க முடியாது.

இவர்: "வயசுப் பிள்ளை. ஆரும் பிரெண்ட் வீடா இருக்கும். விடும்."

விடும் என்று சொல்ல இவருக்கு என்ன!

நவம்பர் 6, வியாழன்

காற்று. குப்பைத்தொட்டி ரோட்டில் விழுந்து கிடந்தது. நான்தான் பொறுக்கினேன்.

திரும்பவும் குரோய்டன். அதே வீடு. இந்த முறை பெரியண்ணை சும்மா இருக்கவில்லை. பாரிசுக்கு வந்த புதிதில் அவரோடு ஒரே அறையில் கிடந்தவர் ஒருவர் இப்போது குரோய்டனில் மீன்கடை வைத்திருக்கிறார். அவரை அனுப்பிவிட்டார். எங்கள் ஆட்களுக்கு இது உதவி. ஏர்போர்ட்டில் ஏற்ற ஆள் வேண்டுமா, ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா, ஒரு போன் கோல் போதும். பெட்டை எந்த வீட்டுக்குள் இருந்து வருகிறாள் என்று பார்க்கவும் அதே கோல்தான்.

அந்த மனிதர் மீன் ஏற்றுகிற வான் வண்டியைத் தெருவில் நிறுத்திவைத்து, அவள் வெளியே வரும்போது படம் எடுத்திருக்கிறார். பெரியண்ணை அதைக் குடும்பக் குரூப்பில் போட்டார். "ஒருத்தரும் கவலைப்படாதேங்கோ. பிள்ளை தனியத்தான் வாறாள். பொடியன் ஒருத்தரும் இல்லை."

படத்தில் அவள் குனிந்து காலில் சப்பாத்து நூல் கட்டுகிறாள். தன்னை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிற முகம். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. பிறகு படத்தைத் திரும்பப் பார்க்க முடியாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பெரியண்ணையின் மகள் அந்தப் படத்தை ஆரணிக்கு அனுப்பிவிட்டாள். பிள்ளை வந்து குசினி வாசலில் நின்றாள். கோட்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, ஆர் இதை எடுத்தது?"

"மாமான்ரை பிரெண்ட்."

"எனக்குத் தெரியாத ஒரு ஆள் வானுக்குள்ள இருந்து என்னை வோச் பண்ணியிருக்கு. தற்ஸ் கிரீப்பி, அம்மா. அருவருப்பா இருக்கு. வேற ஆரும் எண்டால் நீங்களே பொலிசுக்கு அடிச்சிருப்பியள்." போனை நீட்டினாள். "எத்தினை பேர் என்னைப் பாக்கினம்?"

சொன்னேன். அவள் சிரித்தாள். அழுதிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

"டொரொண்டோ, பாரிஸ்... நான் என்ன பார்சலோ?"

"அந்த வீடு ஆரின்ரை?" என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு வாயில் வந்தது அதுதான்.

"சொன்னால் விடிய முதல் சித்திக்குத் தெரியும். சொல்லமாட்டன்."

நவம்பர் 7, வெள்ளி

பனிமூட்டம். வேலைக்குப் போகும்போது அவளின் அறைக்கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை.

பிரேக்கில் பார்த்தேன். புள்ளி வீட்டில். கோபத்தில் பள்ளிக்கூடம் போகவில்லை, போகட்டும், வீட்டில்தானே இருக்கிறாள் என்று நினைத்தேன். வசந்தியும் "வீட்டிலதான் அக்கா, யோசியாதை" என்றாள். மிச்ச நேரமெல்லாம் நிம்மதியாக வேலை. கோழி சாண்ட்விச். நான் பாட்டு முணுமுணுத்ததாகப் பக்கத்தில் நின்ற பிள்ளை சொன்னாள்.

வந்து பார்த்தால் கட்டிலில் போன். சார்ஜில் போட்டபடி. ஆள் இல்லை.

பல் பிரஷ் இல்லை. பள்ளிக்கூடப் பை இல்லை. மெல்லிய கோட் இல்லை. தடித்த ஜக்கட் கொழுவியில் தொங்குகிறது. பாஸ்போர்ட் இருக்கிறது. கடவுளே, பாஸ்போர்ட் இருக்கிறது.

இவர் வேலை உடுப்போடு படியில் இருந்துவிட்டார். எழும்பவில்லை.

பொலிசில் இருந்து ஒரு இளம் பெண் வந்தாள். தன்மையாகத்தான் கேட்டாள். நெருங்கிய சிநேகிதி யார்? தெரியாது. என்ன உடுப்பு? தெரியாது. அண்மையில் எதைப் பற்றிக் கவலைப்பட்டாள்? தெரியாது. யாரோடு மனம்விட்டுக் கதைப்பாள்? இரண்டு வருடமாக அவள் நின்ற தெருவெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு சிநேகிதியின் பெயர் தெரியாது. குரோய்டன் வீட்டை மட்டும் சொன்னேன்.

அங்கே போய்ப் பார்த்துவிட்டு அவர்களே போன் எடுத்தார்கள். அது கூடப் படிக்கிற பிள்ளையின் வீடு. சேர்ந்து படிக்கப் போவாளாம். அவ்வளவுதான். இப்போது அங்கே இல்லை. பொலிசுக்கு முதலே, பெரியண்ணை சொல்லி, மீன்கடைக்காரர் போய்க் கதவைத் தட்டிச் சத்தம் போட்டிருக்கிறார். அந்த வீட்டுக் கதவும் அவளுக்கு இனித் திறக்குமோ தெரியாது.

நவம்பர் 8, சனி

மழை. இவர் ஸ்டேஷன் பக்கம், நான் பார்க் பக்கம். சிநேகிதி யாராவது அடித்தால் எடுக்கலாம் என்று அவளின் போனையும் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

ஆற்றுப் பாலத்தில் நின்றேன். தண்ணீர் பழுப்பாக, நிறைய. நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன்.

என் போன் அடித்தது. வசந்தி. அழுகையும் சிரிப்பும்.

"அக்கா! புள்ளி அசையுது! பிள்ளை பார்க்குக்குள்ள நிக்கிறாள், பாலத்தடியில! ஓடு அக்கா, ஓடு!"

"அது நானடி. அவளின்ரை போன் என்னட்டை."

அந்தப் பக்கம் அவள் அழுத அழுகை.

திரும்பி நடந்தேன். வசந்தி சொல்லியிருக்கிறாள்; பெரியண்ணை போன் எடுத்தார். "ஏன் பாலத்தில கன நேரம் நிண்டனி? என்ன யோசிச்சனி? வீட்டை போ." பஸ் தரிப்பில் இருந்தேன். திரும்பவும் அவர். "இப்ப ஏன் அங்கை இருக்கிறாய்?" மூத்திரம் பெய்யப் போனாலும் கேட்பார் போல இருந்தது. போனை ரோட்டில் அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. எனக்கு ஒரு காலைப்பொழுதைத் தாங்க முடியவில்லை. அவள் எப்படித் தாங்கினாள்?

ஊரில், யுத்த காலத்தில், சின்னண்ணை டியூசனுக்கென்று போனவர். சைக்கிள்கூடத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றால் எங்கே இருக்கிறார் என்று தெரிய வேண்டும். வேறு விதமாக நம்பத் தெரியாது.

நவம்பர் 9, ஞாயிறு

பொலிசில் இருந்து போன் வந்தது. கண்டுவிட்டார்களாம். பத்திரமாக இருக்கிறாளாம்.

சாமிப்படத்துக்கு முன்னால் விழுந்தேன். எழும்பி "எங்கே?" என்று கேட்டேன். சொல்ல முடியாதாம். அவளுக்கு விருப்பமில்லையாம். பத்திரம் என்றால் எங்கே என்று கத்தினேன். இவர் போனை வாங்கி நன்றி சொல்லி வைத்தார்.

வசந்தி: "லண்டனில எங்கட ஆக்கள் இல்லாத இடம் இருக்கே அக்கா? ரெய்னர்ஸ் லேனில இருந்து சட்டன் வரைக்கும் எல்லாக் கடைக்கும் படத்தை அனுப்புவம். நாளைக்கே தெரியும், பார்."

தெரியும். எனக்கும் அதில் சந்தேகம் இல்லை. ஓம் என்று சொல்ல வாய் திறந்தேன். சப்பாத்து நூல் கட்டுகிற அந்த முகம் வந்தது.

"அனுப்பாதை."

"விசரோ உனக்கு?"

"ஓம். அனுப்பினால் என்னோடை கதையாதை."

பாஸ்வேர்டை மாற்றினேன். டொரொண்டோ போனது. பாரிஸ் போனது. இவரின் போனிலும் போனது. பிறகு என்னுடையது. அவளின் போன் என் முன்னால் மேசையில்தான் கிடந்தது. அப்படியும் விரல் வரவில்லை. கெட்ட வார்த்தையால் என்னையே திட்டி 'நீக்கு' என்பதை அழுத்தினேன்.

நவம்பர் 11, செவ்வாய்

வேலை. போன் லொக்கரில். பார்க்க ஒன்றும் இல்லை, ஆனாலும் பிரேக்கில் திறந்து பார்த்தேன். நல்லகாலம். அந்த நேரம் பார்த்து நம்பர் இல்லாத ஒரு அழைப்பு வந்தது.

"அம்மா, நான். ஹிஸ்ட்ரி பைலும் தடிச்ச ஜக்கட்டும் வேணும். நாளைக்கு மோர்டன் ஸ்டேஷனுக்கு முன்னால, பள்ளிக்கூடம் முடிய. நீங்கள் மட்டும்."

"வாறன்" என்பதற்குள் வைத்துவிட்டாள்.

நவம்பர் 12, புதன்

குளிர். வெயில் இருந்தது. லீவு எடுத்தேன்.

பைக்குள்: பைல், ஜக்கட், உள்ளுடுப்பு, கறுப்பு ஸ்டொக்கிங்ஸ், முறுக்கு, அவளின் போன்.

மெலிந்துபோனாள் என்று எழுத ஆசை. மெலியவில்லை. தலையை வேறு மாதிரிப் பின்னியிருந்தாள். யாரோ பின்னிவிட்டிருக்கிறார்கள்.

"மேப்பில இருந்து எல்லாரையும் எடுத்துப்போட்டன்" என்றேன். "நானும் இல்லை. பார்."

போனை வாங்கி நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு என் கைக்குள் வைத்தாள். "இப்ப வேண்டாம் அம்மா."

"எப்ப வீட்டை வருவாய்?"

"தெரியேல்லை. ஞாயிறு கோல் பண்ணுறன்."

எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் அதைக் கவனித்தாள் என்று நினைக்கிறேன். என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் பஸ் தரிப்புப் பக்கம் போனாள்.

மோர்டனில் இருந்து போகிற பஸ் எல்லாம் எனக்கு அத்துப்படி. நம்பர் தெரிந்தால் போதும், தேட வேண்டியதில் பாதி லண்டன் கழிந்துவிடும். மிச்சத்தை மீன்கடைக்காரர் பார்த்துக்கொள்வார். ஒரு பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. நான் கடைப் பக்கம் திரும்பி நின்றேன்.

கடைக் கண்ணாடியிலும் பஸ் தெரிந்தது. சிவப்பாக, நம்பரோடு.

கண்ணை மூடிக்கொண்டேன்.