லேப்டாப் விசிறியில் கிடந்தது

டீச்சரம்மா,

லேப்டாப் பொழச்சுக்கிச்சு. ரெண்டு மணி நேரமா ஒரு தடவைகூட ஹேங் ஆகல. கேள்வித்தாளைத் தைரியமா அடி.

நீ நாப்பது பக்கத்தை ஒண்ணா திறந்து வைக்கிறதாலதான் நின்னுபோகுதுன்னு ரெண்டு நாளா கத்தினேன். "என் மேல தப்புன்னா மீசையை எடுத்துடுறேன்"னு சவால் வேற. நீ ஸ்கூலுக்குப் போனதும் பின்மூடியைக் கழட்டிப் பார்த்தா, விசிறி பூரா முடி. குட்டை குட்டையா, அதுல பாதி நரை. நீ பாத்ரூமை விட்டு வராத நாள்லாம் லேப்டாப் கேமராவைக் கண்ணாடியா வச்சு மீசை வெட்டுறது யாருன்னு உனக்கே தெரியும். சூடு வெளிய போக வழியில்லாம திணறியிருக்கு, பாவம்.

பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணிட்டேன். மூடினப்புறம் ஒரு ஸ்க்ரூ மிச்சம். டேப் வச்சு அடியில ஒட்டியிருக்கேன், ஒண்ணும் கேக்காத.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. சூடு பண்ணிக்கோ.

பி.கு.: சாவி உன்கிட்டதான் இருக்கு. ஆறு மணிக்கு பெல் அடிப்பேன். கதவு ஓட்டை வழியா பார்த்துட்டு, யாரோன்னு பேசாம இருந்துடாத. மூக்குக்குக் கீழ ஒண்ணும் இல்லாம நிக்கிறது நான்தான். சிரிச்சு முடிச்சதும் திற.