இரண்டிலும் அருவிச் சத்தம்

ஜூலை 7, திங்கள்
காலையிலிருந்து சாரல். ஸ்டுடியோவில் தனியாகத்தான் இருக்கிறேன். முதலாளி அண்ணாச்சி கேமரா ரிப்பேருக்குத் திருநெல்வேலி போயிருக்கிறார்.

செங்கோட்டை மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்து போன வாரம் குற்றாலத்தில் எடுத்த அவுட்டோர் வீடியோவை வெட்டாமல் முழுசாகக் கேட்டிருந்தார். டிவியில் ஓடும்படி மாற்றி, சனிக்கிழமையே பென்டிரைவில் கொடுத்தாயிற்று. இன்று ஆல்பம் பாட்டுக்காக அதே ஃபைலைத் திறந்தால் ஆடியோ 1, ஆடியோ 2 என்று இரண்டு தனித்தனிப் பதிவுகள். மாற்றும்போது இரண்டையும் சேர்க்கச் சொல்லி டிக் இருந்திருக்கிறது. நான் பார்க்கவேயில்லை. கழுதை நான்.

1-ல் அருவிச் சத்தம். 2-ல் கல்யாணப் பெண் சேலையில் குத்திய மைக்கின் பதிவு. லாட்ஜில் சேலை மாற்றப் போனபோது கழற்ற மறந்திருக்கிறோம். கேமரா வெளியே ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஹெட்போனில் அந்தப் பெண் சுகந்தி, தன் அக்காவிடம்: "மெதுவாப் பேசுக்கா. நேத்தும் அடிச்சாரு. வளையலப் போட்டு மறைச்சிருக்கேன்."
அக்கா: "அடுத்த வியாழக்கிழமை அவன் கொல்லம் போவாம்லா? கார் எடுத்துட்டு வாரேன். எதையும் எடுக்காத. கட்டுன சேலையோட வா."

அந்த வியாழன் இந்த வியாழன்தான். பென்டிரைவ் அவன் வீட்டு டிவியில். சாப்பாடு இறங்கவில்லை.

ஜூலை 8, செவ்வாய்
மழை. பால் வாங்கவில்லை.
ஷூட்டிங்குக்குப் பேசியது சுகந்தியின் அக்காதான், நம்பர் இருந்தது. போனில் சொன்னேன். அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு: "பென்டிரைவத் திருப்பிக் கேட்டுராதட்டி. சந்தேகப்படுவான். ரெண்டு நாள்தான."
ரெண்டு நாள். ரிமோட்டில் ஒரு பொத்தானை அமுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஜூலை 9, புதன்
அவனே வந்தான். நனைந்த சட்டை, கையில் பென்டிரைவ்.
"டிவில ஆடியோ ரெண்டுன்னு காட்டுது. போட்டா சத்தம் வரமாட்டேங்கு. என்னன்னு பாருங்க."
மைக் ஆடியோ பதிந்திருந்த வகையை அவன் டிவி எடுக்கவில்லை. அவ்வளவுதான். சாமி காப்பாற்றியது.
"மாத்திக் குடுக்கேன்ணே, நாளைக்கு வாங்க."
"நாளைக்கு ஊர்ல இருக்க மாட்டேன். இருந்தே வாங்கிட்டுப் போறேன்."
பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது ஆடியோ இருந்த இடத்திலும் முதலாவதையே வைத்தேன். மவுஸ் வியர்வையில் வழுக்கியது. அவனுக்குப் புரியவில்லை. பென்டிரைவில் பழையதை அழித்து, மாற்றியதை ஏற்றினேன்.
"ஸ்பீக்கர்ல போடுங்க."
1. அருவி. 2. அருவி.
"ரெண்டும் ஒண்ணுதானா? அப்ப எதுக்கு ரெண்டு?"
"சில டிவிக்கு அப்படித்தான்ணே வேணும்." என்ன உளறினேனோ.
எழுந்தான். வாசல் வரை போய்த் திரும்பினான். "அவ சேலைல ஒரு மைக் குத்துனீங்கள்லா?"
"அது சரியாப் பதியலண்ணே."
"அப்படியா." சிரித்தான். சிரிக்காமல் போயிருக்கலாம்.

ஜூலை 10, வியாழன்
வெயில். சாரல் விட்டிருக்கிறது.
மதியம் அக்காவிடமிருந்து மெசேஜ்: வந்துட்டா. கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். தேங்காய் பன்னும் டீயும். மூன்று நாளில் முதல்முறையாகப் பசி.

பிறகு அக்கா போன்: "அந்த ஃபைல அழிச்சிராத. போலீஸ்ல குடுக்கணும். அது ஒண்ணுதான் எங்களுக்குச் சாட்சி."
இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்து டிபன் பாக்ஸுக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அவன் போன். சத்தமே போடவில்லை, அதுதான் பயம். "கேமரால எடுத்த ஒரிஜினல் உங்ககிட்டதான இருக்கு? எடுத்து வைங்க. கொல்லத்துல இருந்து கிளம்பிட்டேன்."

அண்ணாச்சி போனை எடுக்கவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். பூட்டை எங்கே வைத்தேன்?