பெஞ்சுக்கும் ஒரு ‘ங்க’

ஜனவரி 6, செவ்வாய்

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். அப்பா இந்த நோட்டைத் திறக்க மாட்டார்.

இன்று வகுப்பில் பெஞ்சில் இடித்துக்கொண்டேன். பயத்தில் பெஞ்சிடமே “மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டேன். “பெஞ்சு என்ன, உங்களுக்கு மாமனாருங்களா?” என்றான் நவநீத். வகுப்பே சிரித்தது. கீதா மிஸ்ஸும்தான். பிறகு தனியாகக் கூப்பிட்டு, ஆண்டுவிழாவில் பேச்சில்லாத நாடகம் ஒன்று இருக்கிறது, அதில் எல்லாவற்றிலும் முட்டிக்கொள்ளும் ஆள் நீதான் என்றார்.

ஜனவரி 8

மிஸ் போனில் ஒரு பழைய ஊமைப் படம் காட்டினார். வளர்ந்த ஆள், குழந்தை முகம். ஏணியோடு திரும்புகிறான், பின்னால் நின்றவர் விழுகிறார். யார் தள்ளியது என்று இவனே தேடுகிறான். தட்டு உடைந்தால் ஒரு துண்டை எடுத்து, அட, உள்ளே இப்படியா இருக்கும் என்று பார்க்கிறான்.

ஏன் அவனை இவ்வளவு பிடிக்கிறது? என்னைப் போலத்தான் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறான். ஆனால் உடைத்ததும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. நான் முதலில் அப்பா முகத்தைப் பார்ப்பேன். ஒரு டம்ளர் உருண்டால் அவர் போடும் சத்தம் அவிநாசிக் கோயில் வரைக்கும் கேட்கும். சத்தம் கேட்டால் கை நடுங்கும். நடுங்கினால் இன்னொன்று விழும்.

ஜனவரி 11

அப்பாவிடம் சொன்னேன்.

“பொம்பளப்புள்ள மேடையில உழுந்து எந்திரிக்கிறதா? ஏறிப்பாரு, பள்ளிக்கூடத்தையே நிறுத்திப்போடறேன்.”

“சரிங்கப்பா” என்றேன். வாயில் வருவது அது ஒன்றுதான். இந்த ‘ங்க’ — மரியாதையா, பயமா?

ஜனவரி 12

ஏறுவேன்.

ஜனவரி 23

ஏறினேன். நாற்காலி, வாளி, கதவு — எதில் முட்டினாலும் அதைப் பார்த்து, சத்தமில்லாமல் வாயசைத்துக் கைகூப்பினேன். மூன்றாவது தடவை கூட்டமே எனக்காக “மன்னிச்சுக்குங்க” என்று கத்தியது. முழங்கையில் ரத்தம். வலிக்கவே இல்லை.

நவநீத்தின் அம்மா வீடியோ எடுத்தார். அப்பாவுக்குப் போய்ச் சேரும். பள்ளிக்கூடம் போச்சா? போனால் போகட்டும் என்று எழுத முடியவில்லை. ஏறியது தப்பு என்றும் எழுத மாட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

சாப்பிடும்போது அப்பா போனை என் முன்னால் வைத்தார். “இது யாரு, அம்மணி?”

கை பட்டு டம்ளர் உருண்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் குனிந்து எடுத்தேன். அந்த ஊமைப் பட ஆள் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “மன்னிச்சுக்குங்க” என்றேன். டம்ளரிடம். அவரிடம் இல்லை.

அடுப்படியில் அம்மாவின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் — அப்பா வீட்டில் இருக்கும்போது.

“நாளைக்குக் கொடியேத்தறாங்க. பள்ளிக்கூடம் போறேனுங்கப்பா.” கேட்கவில்லை, சொன்னேன்.

அப்பா டம்ளரை வாங்கித் தன் தட்டருகே வைத்தார். பிறகு தண்ணீர் கேட்டார். ஊற்றினேன். கை நடுங்கத்தான் செய்தது. கொஞ்சம் சிந்தியது.

சிந்தட்டும்.